ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல

— இந்த லெட்டர நான் டைப் அடிக்க மாட்டேன் சார். வேற ஆளப் பாத்துக்கோங்கோ.

— மூணு வரிதான பவானி. ‘இன்று முதல் மார்புக் கட்டி ரிப்போர்ட்டுகளில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. அவற்றை டாக்டர் தாஹிராவுக்கு அனுப்பவும். இப்படிக்கு, டாக்டர் அருள்பிரகாசம்.’ இதுல என்ன கஷ்டம் ஒனக்கு?

— வெரலு வலிக்குது.

— காலையில ஏழு ரிப்போர்ட் அடிச்சப்ப வலிக்கலையாக்கும்?

— அதெல்லாம் ரிப்போர்ட்டு சார். இது கலீஜு. கலீஜெல்லாம் இந்த வெரலு அடிக்காது. இருவது வருசமா சதைய மெயுகுல பதிச்சி சீவிகினுகீற வெரலு, அதுக்கும் மானம் மருவாத கீது.

— வெளையாடாத. காலையில சர்ஜன் போன்ல கத்துனது ஒனக்கும் கேட்டுச்சுலா?

— கேட்டுச்சி. கொருக்குப்பேட்ட பச்சையம்மாக்கு நீங்க மூணாம் கிரேடுன்னு எயுதினீங்கோ. அத்தயே அவரு திருவொத்தியூர் லேப்புக்கு அனுப்ச்சாரு, அங்க தாஹிராம்மா பாத்துட்டு ரெண்டுன்னாங்கோ. ‘ஒரே கட்டி, ரெண்டு டாக்டரு, நான் யாரு சொல்றத கேக்கறது’ன்னு பேஜார் பண்ணாரு.

— அவரு கேட்டது நியாயந்தான. ரெண்டுன்னா அந்தம்மாவுக்குத் தெனம் ஒரு மாத்திரை, அவ்ளோதான். மூணுன்னா கீமோ. அறுவத்திரண்டு வயசு, இருதயம் வேற பலகீனம். அந்த மருந்த அது ஒடம்பு தாங்குமான்னே தெரியல. எங்க இருக்கா இப்ப?

— வெளிய பெஞ்சுலதான். மருமவன இட்டுகினு பன்னெண்டு மணிக்கே வந்து குந்திகினுகீது. ரிப்போர்ட்டு வர்ற வரைக்கும் சொம்மா இருப்பானேன்னு கூடைய மடியில வச்சிகினு பூ கட்டுது. எனக்கு ரெண்டு மொயம் வச்சி உட்டுச்சி. வேணாம்னா கேக்கல.

— பாத்தியா. பூ குடுத்துட்டு உக்காந்திருக்கா. நான் உள்ள இருந்துகிட்டு அவ தலையில கல்லத் தூக்கிப் போடுதேன். தாஹிரா சின்ன வயசு, கண்ணு தெளிவு. இனி அவளே பாக்கட்டும். அடி லெட்டர.

— அடிக்கறேன். ஒரு கண்டிசன்.

— கண்டிசனா? என்னய வேலைக்கு வச்சிருக்கியா, நான் ஒன்ன வச்சிருக்கேனா?

— இந்த ட்ரேய பாருங்கோ. எட்டு சிலைடு. எட்டும் மார்புக் கட்டி. பேரு கீற எடத்துல பிளாஸ்திரி ஒட்டி நம்பரு எயுதிகீறேன், ஒண்ணுலேந்து எட்டு வரைக்கும். வியாயக்கியம தாஹிராம்மா பாத்தாங்கோ. நேத்து நம்ம ஸ்டானிஸ்லாஸ் சாரு வூட்டாண்ட போனேன். ரிட்டேரு ஆயி வூட்ல குந்தினுகீற மனுசன், மைக்ராஸ்கோப்ப தொடச்சி ஜன்னலாண்ட வச்சிகினு ஷோக்கா பாத்துக் குட்த்தாரு. ரெண்டு பேரு குட்த்த கிரேடும் இதோ, இந்த கவர்ல கீது. இப்ப நீங்க பாருங்கோ. எட்டுல அஞ்சு அவங்கோ ரெண்டு பேரு கூட ஒத்து வந்துட்டா, லெட்டர கியிச்சிடணும். வரலயா, நானே அடிச்சி, நானே கவர்ல போட்டு, நானே ஸ்டாம்பு ஒட்டறேன்.

— திருவொற்றியூருக்கு இத எப்படிக் கொண்டு போன?

— ஷேர் ஆட்டோல. மடியில வச்சிகினு. பக்கத்துல ஒருத்தி மீன்கூடைய எம்மேல சாய்ச்சா. ‘எட்டு பொம்பளைங்க உசுரு கீது, தள்ளி குந்துமே’ன்னேன். என்ன பைத்தியம்னு நெனச்சிகினு எறங்கிப் பூட்டா.

— யாரு சொல்லி இதெல்லாம் பண்ணுத நீ?

— யாரும் சொல்லல. மூணு வருசமா பாத்துகினுதான கீறேன். ரெண்டுன்னு எயுத வேண்டிய எடத்துல எல்லாம் ஒங்க பேனா மூணுக்குப் பூடுது. மொதல்ல நானும் எதோ காலம் கெட்டுப் போச்சின்னுதான் நெனச்சேன்.

— பழசா புதுசா இதெல்லாம்? பழசுன்னா எனக்குத் தெரிஞ்சிரும், கேட்டியா. ஒரு தடவ பாத்த சிலைடு என் கண்ணவிட்டுப் போகாது.

— தெரியும். அத்தொட்டுதான் பயசோ புத்சோ, எல்லா மெயுகுக் கட்டையையும் உருக்கி, சதையத் திருப்பி வச்சி, அந்தப் பக்கத்துலேந்து சீவினேன். எல்லாத்துக்கும் ஒரே நாள்ல சாயம் போட்டேன். எத்த எப்ப எடுத்ததுன்னு அந்த ஆண்டவனுக்கே தெரியாது.

— ராட்சசி. சரி, கொண்டா. அந்த ஒண்ண எடு... ம். இது சுலபம். கொழா கொழாயா அழகா கட்டியிருக்கு, உருவம் ஒழுங்கு, பிரியுற செல்லுகளக் காணவே இல்ல. மூணுக்கும் ஒவ்வொண்ணு, ஆக மூணு மார்க்கு. ஒண்ணாம் கிரேடு. எழுதிக்க.

— எயுதிகினேன். ரெண்டு.

— ரெண்டு... கொழா இல்ல. அதுக்கு மூணு மார்க்கு. உருவம் நடுத்தரம், ரெண்டு. இனி எண்ணணும். பேசாத.

— நான் பேசவே இல்லியே.

— பேசுத. ...மைக்ராஸ்கோப்புல பத்து வட்டம் பாத்ததுல பிரியுற செல்லு பதினொண்ணு. அதுக்கு ரெண்டு மார்க்கு. கூட்டுனா ஏழு. எட்டு வந்தாத்தான் மூணாம் கிரேடு, இது ரெண்டாம் கிரேடு.

— கண்டிப்பா?

— கண்டிப்பாத்தான். என்ன, மூஞ்சிய அப்படி வச்சிருக்க?

— ஒண்ணியும் இல்ல. மூணாவத எடுங்கோ.

— இது மூணாம் கிரேடு. எண்ணவே வேண்டாம், அப்படிப் பிரிஞ்சிகிட்டு நிக்கி. பாவம். யாரு பெத்த பிள்ளையோ. ஒம்போது மார்க்கு. ...நாலக் குடு.

— இந்தாங்கோ.

— இது... பொறு. இது கொஞ்சம் கஷ்டம்.

— மெதுவா பாருங்கோ சார். அந்தம்மா எங்க ஓடப் போவுது, பூவக் கட்டிகினுதான கீது. நான் டீ சொல்லிட்டு வரட்டுமா?

— டீ வேண்டாம், நில்லு. கொழா பாதி எடத்துல இருக்கு, ரெண்டு. உருவம் கோணல்மாணல், மூணு. ஆக அஞ்சு. இனி எல்லாம் எண்ணிக்கையில இருக்கு. பதினாலு வரைக்கும் ரெண்டு மார்க்கு, பதினஞ்சத் தொட்டா மூணு மார்க்கு. ...ஒம்போது... பதினொண்ணு... இங்கன ரெண்டு. பதிமூணு. பதினாலு. இன்னும் ஒரு வட்டம் இருக்கு. அதுல... ம்.

— இன்னா சார்?

— கருப்பா ஒண்ணு சுருண்டு கெடக்கு. பிரியப்போற செல்லா, செத்துச் சுருங்குன செல்லா? ரெண்டும் பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும். ஓரத்துல மயிர் மாதிரி நீட்டிகிட்டு இருந்தா பிரியுது. வழவழன்னு இருந்தா செத்தது. சந்தேகம்னா எண்ணக் கூடாது, அதான் சட்டம். ...வழவழன்னுதான் இருக்கு. சுத்தி செவப்பா காஞ்சும் போயிருக்கு. செத்தது. எண்ணல. பதினாலு.

— அப்ப?

— ஏழு. ரெண்டாம் கிரேடு. எழுது. எழுதுன்னா எழுத மாட்ட, என்னயவே பாத்துகிட்டு நிக்க.

— எயுதறேன் சார். பேனா மக்கர் பண்ணுது.

— கண்ணுல என்ன?

— சாயத்தோட காரம். இருவது வருசமா இப்டித்தான். அஞ்சாவத எடுங்கோ.

— அஞ்சு... ரெண்டாம் கிரேடு, ஆறு மார்க்கு. ஆறாவது... இது ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் ஊடால நிக்கி. நான் ரெண்டுன்னு சொல்லுதேன். ஏழாவது, ஒண்ணாம் கிரேடு. எட்டாவது... இதுவும் மூணாம் கிரேடுதான். ஆச்சா? கவரப் பிரி.

— பிரிக்கறேன். ஒரு சேதி சொல்லிட்றேன், அப்பால தாஹிராம்மாவ கொற சொல்லாதீங்கோ. அவங்கோ மைக்ராஸ்கோப்புல வட்டம் பெருசாம். பெரிய வட்டத்துல பாத்தா செல்லு ஜாஸ்தியா ஆப்டுமாம். அத்தொட்டு அதுக்கேத்த கணக்கு வச்சி மார்க்கு போட்டாங்கோ. ஸ்டானிஸ்லாஸ் சாருது பயங்காலத்து மெஷினு, வட்டம் சின்னது. அவரும் தன் கணக்குக்குத் தோதா போட்டுகினாரு.

— அதெல்லாம் கேட்டு வச்சிருக்கியே! எத்தன டாக்டர்மாரு இத யோசிக்காமலே எண்ணுதான் தெரியுமா? சரி, படி.

— ஒண்ணு: மூணு பேரும் ஒண்ணு. ரெண்டு: மூணு பேரும் ரெண்டு. மூணு: மூணு பேரும் மூணு. நாலு: நீங்க ரெண்டு, ஸ்டானிஸ்லாஸ் சாரு ரெண்டு, தாஹிராம்மா மூணு. அஞ்சு: எல்லாரும் ரெண்டு. ஆறு: நீங்க ரெண்டு, அவங்கோ ரெண்டு பேரும் ஒண்ணு. ஏயு, எட்டு: எல்லாரும் ஒண்ணுபோல. ஆக தாஹிராம்மா கூட எட்டுக்கு ஆறு. ஸ்டானிஸ்லாஸ் சாரு கூட எட்டுக்கு ஏயு. லெட்டரு எங்க? குடுங்கோ, கியிக்கறேன்.

— இரு, இரு. எட்டுக்கு ஆறு எங்கயும் நல்ல கணக்குதான், ஒத்துக்கிடுதேன். ஆனா அந்த ரெண்டாவது பிளாஸ்திரியப் பிரி. நான் எண்ணிட்டு நிமிந்தப்போ ஒன் மூஞ்சி மாறுச்சு. யாரு அது?

— ...பச்சையம்மா சார்.

— வெளிய இருக்கிற பச்சையம்மாவா?

— ஆமா. செவ்வாக்கியம பேரோட பாத்து எட்டு மார்க்கு, மூணாம் கிரேடுன்னீங்கோ. இன்னிக்கி பேரு இல்லாம ஏயு மார்க்கு, ரெண்டு.

— அப்ப முடிஞ்சு போச்சு. எடு அந்த டைப்ரைட்டர. மத்தவங்களோட ஒத்துப் போகுதா இல்லையான்னு பாக்க நீ பந்தயம் கட்டுன. நான் என்னோடயே ஒத்துப் போகல, கேட்டியா? நாலு நாளுக்குள்ள அதே கண்ணு, அதே மைக்ராஸ்கோப்பு, அதே பொம்பள. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

— செவ்வாக்கியம எட்டாவது மார்க்கு எங்கேந்து வந்துச்சி? அத்த சொல்லுங்கோ மொதல்ல.

— கருப்பா கெடந்தத எல்லாம் எண்ணியிருப்பேன். சந்தேகத்தையும் சேத்து எண்ணியிருப்பேன்.

— ஏன் எண்ணீங்கோ? இன்னிக்கி எண்ணலியே.

— பவானி, விடு.

— வுட மாட்டேன்.

— பேரு இருந்துச்சு, அதனால! அந்தப் பாரத்துல பேரு இருக்கு, வயசு இருக்கு, புருஷன் பேரு இருக்கு. பேரப் பாத்ததும் எனக்கு ஒரு ஆளு தெரியுது. எந்த ஆளுன்னு ஒனக்குத் தெரியும். நான் ரெண்டுன்னு எழுதி, மாத்திரை போதும்னு அனுப்பி, நாலு வருஷத்துல எலும்பு வரைக்கும் பரவி, ஸ்கூல் லீவுல செத்துப் போன ஆளு.

— டீச்சரம்மா.

— ஆமா, ஆலிஸ். தொண்ணூத்தஞ்சுல அந்தச் சிலைட வேற யாருக்காவது அனுப்பியிருக்கலாம்லா? ஸ்டானிஸ்லாஸ் கேட்டாரு, ‘பொண்டாட்டி சிலைட நீ பாக்காத பிரகாசம், எனக்கு அனுப்பு’ன்னு. நான்தான் மாட்டேன்னேன். அவள இன்னொருத்தன் கண்ணுகிட்ட குடுக்க எனக்கு மனசு வரல. நானே பாத்தேன், ஏழு மார்க்குன்னேன், ரெண்டாம் கிரேடுன்னேன். சாயங்காலம் வீட்டுக்குப் போயி அவகிட்ட ‘கீமோ வேண்டாம்’னு சொன்னேன். ‘அப்பாடா, முடி கொட்டாது’ன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்கு வேணும்னு நான் ஏழுன்னு போட்டேன். எட்டாவது மார்க்கு அங்கனேயேதான் இருந்திருக்கு. புருஷன் கண்ணு அதப் பாக்கல.

— யாரு சொன்னா அங்க இருந்துச்சின்னு?

— நான் சொல்லுதேன். அந்தச் சிலைடு என் வீட்டு மேசை டிராயர்ல இருக்கு. ஞாயித்துக்கிழம கோயில் முடிஞ்சு வந்ததும் எடுத்துப் பாக்கேன். மூணு வருஷமா பாக்கேன். எப்பப் பாத்தாலும் எட்டு. பதினாறு எண்ணுதேன், ஒரு தடவ பதினெட்டுகூட எண்ணுனேன். அன்னைக்கு எப்படி எனக்கு பதினாலு வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல. அவமேல இருந்த ஆச என் கண்ணக் கட்டிருச்சு, வேற என்ன?

— வாரம் வாரமா பாக்கறீங்கோ?

— வேற என்ன செய்யச் சொல்லுத?

— அய்யோ, சார். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? மூணு வருசமா நான் ஒங்க எதிர்லதான குந்தினுகீறேன். டீயக் குடிச்சியா சார், சோத்தத் துன்னியா சார்னு கேட்டுகினு. உள்ள இம்மாம் பெரிய கல்ல வச்சிகினு சிரிக்கறீங்களே.

— ஒங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது.

— ஆவும். எங்கம்மா கத சொல்றேன், கேளுங்கோ. காசிமேட்டுல எறா பிரிக்கிற ஷெட்டுல வேல செஞ்சிச்சி. வெளிநாட்டுக்குப் போற எறா. பெருசு ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், பொடி ஒரு குவியல். கையில எடுத்ததும் தெரிஞ்சிடணும். ஒரு நாளு பெருசுல பொடி கலந்து பூட்ச்சின்னு கம்பெனிக்காரன் எங்கம்மாவ எல்லார் எதிர்லயும் நிக்க வச்சித் திட்டிட்டான். மறுநாள்லேந்து எங்கம்மா எத்த எடுத்தாலும் பொடியிலதான் போடும். இம்மாம் பெரிய எறாவக்கூட ‘இது பொடிதாண்டி’ன்னும். கண்ணு கெட்டுப் பூட்ச்சின்னு அழுவும்.

— அப்புறம்?

— அங்க ஒரு வயக்கம் கீது சார். யாரு கையிலயாவது கோளாறுன்னா, அந்தப் பொம்பள காலைல பிரிச்ச குவியலயே கலச்சி, சாயங்காலம் வேற கூடையில போட்டு, அவ எதிர்லயே வைப்பாங்கோ. எவ பிரிச்சதுன்னு சொல்ல மாட்டாங்கோ. எங்க பெரியம்மாதான் வச்சிச்சி. எங்கம்மா, வேற எவளோ பிரிச்சதுன்னு நெனச்சிகினு, படபடன்னு ஒயுங்கா பிரிச்சிப் போட்டுச்சி. ஒரு எறா தப்பல. கண்ணு நல்லாத்தான் கீது, பயந்தான் கெட்டுச்சின்னு அன்னிக்கித்தான் அதுக்கே தெரிஞ்சிச்சி. மறுநாளு கம்பெனிக்காரன் எதிர்ல வெத்தலயப் போட்டுகினு நின்னுச்சி பாருங்கோ, ராணியாட்டம்!

— அதான் இந்த ட்ரேயா?

— அதான் இந்த ட்ரே. பேரு இல்லன்னா ஒங்க கண்ணு தங்கம் சார். பேரு வந்தா பயம் வருது. பயத்துக்கு மருந்து பிளாஸ்திரி. லெட்டரு இல்ல.

— ...கிழி.

— இன்னா?

— லெட்டரக் கிழின்னு சொல்லுதேன். பந்தயம்னா பந்தயந்தான.

— அப்டி வாங்கோ வயிக்கு! இதோ, நாலா கியிச்சாச்சி. எட்டா கியிச்சாச்சி.

— போதும், மேசையெல்லாம் குப்பை பண்ணாத. இப்ப பச்சையம்மா ரிப்போர்ட்ட அடி. ‘ஏழு மார்க்கு, ரெண்டாம் கிரேடு.’ கீழ எழுது, ‘பெயர் மறைத்து மூன்று மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்தது. முந்தைய அறிக்கையில் நான் கொடுத்த கிரேடு தவறு.’ என் பேரப் போடு.

— தவறுன்னே எயுதணுமா சார்? ‘மறுபரிசீலனை’ன்னு எதனா நாசூக்கா...

— தவறுன்னு எழுது. அந்தப் பொம்பளைக்கு நான் குடுக்க வேண்டிய மரியாதை அது. ஆச்சா? குடு, கையெழுத்துப் போடுதேன். கொண்டு போயி அவ கையிலயே குடு. மாத்திரை போதும்னு வாயாலயும் சொல்லு, வாசிக்கத் தெரியாதுலா அவளுக்கு.

— இதோ, ஓடறேன்.

— ...என்ன சொன்னா?

— குட்த்துட்டேன் சார். ‘ஊசி இல்லியா, மாத்திரதானா’ன்னு நாலு தபா கேட்டுச்சி. மருமவன் கண்ணத் தொடச்சிகினான். அது அழுவல. கூடையில கீற பூவ மொத்தமா எடுத்து, ‘உள்ள கீற டாக்டரு வூட்டம்மாக்குக் குடு’ன்னு என் கையில வச்சிட்டுச்சி. நானும் சரின்னு வாங்கிகினேன்.

— ...இங்க வை. ஜன்னல்கிட்ட வை. சாயங்காலம் கல்லறைக்குப் போகும்போது எடுத்துட்டுப் போறேன்.

— சரி சார்.

— இனி ஒண்ணு செய்வோம். மூணு வருஷத்துல நான் எட்டு மார்க்கு போட்டது எத்தன இருக்கோ அத்தனையும் எடு. பிளாஸ்திரி ஒட்டு. தாஹிராவும் நானும் உக்காந்து பாக்கோம். ஊசிய ஆரம்பிக்காம இருக்கிறவங்க எவளாவது இருந்தா ஒருத்தியாவது தப்பிக்கட்டும். ஊசி போட்டு முடிச்சவங்ககிட்ட... அவங்க கிட்டயும் சொல்லணும். அது என் பாடு. நான் சொல்லிக்கிடுதேன்.

— நானும் கூட வரேன் சார். தனியா போவாதீங்கோ.

— பாப்போம். அப்புறம், அந்த நாலாம் நம்பர்.

— நாலா? அதுக்கு இன்னா இப்ப?

— அதுலதான தாஹிரா மூணுன்னா. கிரேடு மாறுனா வைத்தியம் மாறும். அதச் சும்மா விட முடியாது. நானும் அவளும் சேந்து ஒருதரம் பாத்துப் பேசணும்.

— தாஹிராம்மா தப்பாப் பாத்துட்டாங்களா சார்?

— தப்புன்னு யாரு சொன்னா? அவ அந்தக் கருப்பையும் எண்ணியிருப்பா. இல்ல, ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி வேற எடத்துல எண்ணியிருப்பா. அதுவும் நியாயந்தான். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல நிக்கிற கட்டி அது. உலகத்துல எந்தப் பெரிய டாக்டர் கையில குடுத்தாலும் பாதிப்பேரு ரெண்டும்பான், பாதிப்பேரு மூணும்பான். ரெண்டு பக்கமும் பொய் இல்ல, கேட்டியா.

— அப்ப அந்தக் கட்டிய ரெண்டுன்னு எயுதினவரு தப்பு பண்ணலியா? அந்தம்மா அப்பால செத்தே பூட்டாலும்?

— அதெப்படித் தப்பாகும்? அவன் கண்ணுக்குப் பதினாலு தெரிஞ்சுது, பதினாலுன்னு எழுதுனான். சட்டப்படி எண்ணியிருக்கான், மனசறிஞ்சு எண்ணியிருக்கான். கட்டி அதுக்கப்புறம் என்ன செய்யும்னு கண்ணாடிக்குள்ள எழுதியா இருக்கு? அவன் மேல யாராவது குத்தம் சொன்னா நானே போயி அவனுக்குச் சாட்சி சொல்லுவேன்.

— நெஜமாவா சார்? மனசுலேந்து சொல்றீங்களா?

— இது என்ன கேள்வி! நான் எதுக்கு ஒங்கிட்டப் பொய் சொல்லணும்? அதெல்லாம் இருக்கட்டும், பேரச் சொல்லு. அந்தம்மாவுக்கு ஆளனுப்பி வரச் சொல்லணும். என்ன வைத்தியம் போயிகிட்டு இருக்குன்னு கேக்கணும்.

— கூப்ட முடியாது சார்.

— ஏன்? ஊர விட்டுப் போயிட்டாளா? விலாசம் இருக்கும்லா, எடு அந்த ரெஜிஸ்டர. ...ஏம்மா அழுத? பவானி? பிளாஸ்திரியையாவது பிரி. யாரு அது?

— நீயே பிரி சார். தொண்ணூத்தஞ்சுலேந்து நான் பத்திரமா வச்சிகினுகீற நம்ம டீச்சரம்மா மெயுகுக் கட்டை அது. பேரு தெரியாம பாத்தப்பவும் உன் கண்ணுக்குப் பதினாலுதான் சார் தெரிஞ்சிச்சி.